திடப்பொருளுக்கும் தோல் உண்டா?

மழை பிடித்துக்கொண்டால் தம்பானூரில் நிலையத்தை விட்டு வெளியே கால் வைக்க இயலாது என்பது நம் வாசகர்கள் எல்லாரும் அறிந்த சேதி. சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்த மாலையும் அப்படியே ஆயிற்று. வீடு திரும்ப வழியின்றி நாலைந்து பேர் நூலக வராந்தாவில் ஒதுங்கி நின்றோம். எதிர்ச் சுவரோரம் தானாக முளைத்திருந்த சேம்பின் இலைகளில் மழைத்துளிகள் ஒட்டாமல் உருண்டு உருண்டு ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த கண்ணாடிச் சட்டத்திலோ அதே மழை, பரவிப் படிந்து வழிந்தது.

அப்பொழுதுதான் நம் அங்கத்தினர் ஒருவரின் மகன், பாலிடெக்னிக்கில் பயிலும் பிள்ளை, நம்மைப் பிடித்துக்கொண்டான். “மாமா, சென்ற இதழில் தண்ணீருக்குப் பரப்பு இழுவிசை உண்டென்று எழுதியிருந்தீர்கள். ஊசி மிதப்பதும் பூச்சி ஓடுவதும் சரிதான். இந்த இலைக்கு இழுவிசை உண்டா? கண்ணாடிக்கு? இரும்புக்கு? உண்டென்றால் அதை எதைக் கொண்டு அளப்பது?” என்றான்.

நாம் மெட்ரிகுலேஷனோடு நின்று டிக்கெட் கவுண்ட்டரில் அமர்ந்தவர். விடை தெரியவில்லை. “அடுத்த இதழில் எழுதுகிறேன், தம்பி” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டோம். தப்பித்தோமே ஒழிய, கேள்வி நம்மை விடவில்லை. விடாததற்கு ஒரு காரணமும் உண்டு. வள்ளியூரில் இருக்கும் நம் அக்காளின் நெஞ்சுக்குள் ஆறு ஆண்டுகளாக ஒரு திடப்பொருள் இருந்து வருகிறது. அதன் மேற்பரப்பு எப்படிப்பட்டது என்பது எங்கள் குடும்பத்துக்கு வெறும் பாடப்புத்தகக் கேள்வியன்று. அந்தச் சேதியைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் நீரை மறுபடி நினைவூட்டிக்கொள்வோம். நீரின் உள்ளே இருக்கும் ஒரு மூலக்கூற்றை நாற்புறமும் மேலும் கீழும் உள்ள அண்டை மூலக்கூறுகள் இழுக்கின்றன; எல்லா இழுப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். மேற்பரப்பில் உள்ள மூலக்கூற்றுக்கோ மேற்புறம் அண்டை இல்லை. உள்நோக்கிய இழுப்பே மிஞ்சும். ஆகவே பரப்பு தன்னைக் குறுக்கிக்கொள்ளவே எப்போதும் முயலும். அந்த முயற்சியின் அளவே பரப்பு இழுவிசை. ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள கோட்டின் குறுக்கே எத்தனை டைன் விசை இழுக்கிறது என்று கணக்கிடுவர். அறை வெப்பத்தில் நீருக்கு அது ஏறத்தாழ 72 அல்லது 73, சாராயத்துக்கு 22, பாதரசத்துக்கு 480-க்கும் மேல். இக்காலத்துப் புத்தகங்களில் டைனுக்குப் பதில் மில்லி நியூட்டன் என்று ஒரு மீட்டருக்குக் கணக்குச் சொல்கிறார்கள். எண் மாறுவதில்லை என்பதால் நாம் பழைய டைனையே வைத்துக்கொள்வோம்.

திரவத்தின் இழுவிசையை அளப்பது பெரிய வித்தையன்று. நுண்புழையில் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்க்கலாம். ஒரு வளையத்தைப் பரப்பிலிருந்து பிய்த்தெடுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று தராசில் காணலாம். சமையலறையிலேயே இதைச் செய்த ஒரு பெண்மணியை நம் வாசகிகள் அறிந்துகொள்வது நலம். வெனிஸ் நகரில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்த ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்பவர், 1862-இல் பிறந்தவர். பெண் என்பதால் பல்கலைக்கழகத்தின் வாயில் அவருக்குத் திறக்கவில்லை. நோயுற்ற பெற்றோரைப் பேணியபடி, பாத்திரம் கழுவும் நீரில் எண்ணெயும் சவர்க்காரமும் செய்யும் வேலையை உற்று நோக்கினார். ஒரு தகரத் தொட்டியையும் சிறு தராசையும் கொண்டு தாமே ஒரு கருவி அமைத்தார். பத்து ஆண்டு உழைப்பின் பயனை 1891-இல் இங்கிலாந்தின் ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுத, அவர் அதை ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியிடச் செய்தார். பின்னாளில் வந்த விஞ்ஞானிகள் பலர் அந்தத் தகரத் தொட்டியின் வழியில்தான் நடந்தார்கள். மேற்படிப்பு இல்லாத நமக்கு இவர் வரலாறு பெரிய ஆறுதல்.

இனித் திடப்பொருள். இரும்பின் மேற்பரப்பில் உள்ள அணுவுக்கும் மேற்புறம் அண்டை இல்லைதானே? ஆகவே இழுப்பு அங்கேயும் உண்டு; உண்மையில் நீரைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆனால் இரும்பின் அணுக்கள் இடம் பெயர இயலாமல் இறுகிக் கிடக்கின்றன. நீர் உடனே உருண்டு தன் பரப்பைச் சுருக்கிக் காட்டுகிறது, இரும்பு காட்டுவதில்லை. ஆசை இருந்தும் அசைய முடியாதவன் நிலை அது. வளையத்தை நுழைத்துப் பிய்த்தெடுக்க வழியில்லை. புழையிலும் அது ஏறாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. திரவத்தின் பரப்பைப் பெருக்கினால் உள்ளிருந்து புதிய மூலக்கூறுகள் மேலே வந்து இடம் நிரப்பிக்கொள்ளும். திடப்பொருளின் பரப்பை இரண்டு விதமாகப் பெருக்கலாம். வெட்டிப் பிளந்து புதுப்பரப்பை உண்டாக்குவது ஒன்று. இருக்கும் பரப்பையே இழுத்து நீட்டுவது மற்றொன்று. முதலாவதற்குச் செலவாகும் ஆற்றலும் இரண்டாவதற்கு எதிர்ப்படும் இழுவிசையும் திரவத்தில் ஒன்றே; திடப்பொருளில் வேறு வேறு. அமெரிக்காவின் கிப்ஸ் என்ற பேரறிஞர் 19-ஆம் நூற்றாண்டிலேயே இவ்வேறுபாட்டைச் சுட்டினார். 1950-இல் ஷட்டில்வொர்த் என்பார் இரண்டையும் இணைக்கும் சமன்பாட்டைத் தந்தார். ஆகவே ‘திடப்பொருளின் பரப்பு இழுவிசை’ என்று யாரேனும் சொன்னால், பெரும்பாலும் அவர் கருதுவது பரப்பு ஆற்றலைத்தான். நாமும் இக்கட்டுரையில் அப்படியே கொள்கிறோம்.

அளக்க வழி என்ன? முரட்டு வழிகளை முதலில் பார்ப்போம். பிளந்து பார்ப்பது ஒன்று. அப்பிரகம் என்ற மைக்காவை நம் நாட்டவர்க்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கோடர்மாவிலிருந்தும் கூடூரிலிருந்தும் கப்பல் கப்பலாக அது வெளிநாடு சென்ற காலம் உண்டு. ஏடு ஏடாக உரியும் இந்தக் கனிமத்தை 1930-இல் ரஷ்ய விஞ்ஞானி ஓப்ரெய்மோவ் ஒரு கண்ணாடி ஆப்பினால் மெல்ல உரித்தார். உரியும் ஏடு எவ்வளவு வளைகிறது, பிளவு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதைக் கொண்டு, ஒரு சதுர சென்டிமீட்டர் புதுப்பரப்பு உண்டாக எவ்வளவு ஆற்றல் செலவாயிற்று என்று கணக்கிட்டார். காற்றை நீக்கிய கலத்தில் செய்தபோது செலவு பன்மடங்கு கூடியது. காற்றிலே இருக்கும் ஈரமும் பிறவும் புதிதாகப் பிறந்த பரப்பின் மேல் உடனே படிந்து அதன் பசியை ஆற்றிவிடுகின்றன என்பதே காரணம்.

மற்றொரு வழி நமக்கு மிகவும் பிடித்தது. 1949-இல் உடின், ஷேலர், வுல்ஃப் என்ற மூவர் மெல்லிய செப்புக் கம்பிகளில் வெவ்வேறு எடைகளைத் தொங்கவிட்டு, உருகுநிலைக்குச் சற்றுக் கீழே வரை சூடேற்றி நெடுநேரம் வைத்தார்கள். அந்த வெப்பத்தில் செம்பு திடப்பொருளே ஆயினும், அணுக்கள் ஊர்ந்து நகரத் தொடங்கும். கனத்த எடை தொங்கிய கம்பிகள் நீண்டன. இலேசான எடை தொங்கியவையோ சுருங்கின! எடையையும் மேலே தூக்கிக்கொண்டு கம்பி தானே குட்டையாயிற்று என்றால், தூக்கியது யார்? பரப்பின் இழுவிசைதான். நீளாமலும் சுருங்காமலும் நிற்கும் எடையைக் கண்டால் அதுவே இழுவிசைக்குச் சமன். செம்புக்கு அவர்கள் கண்ட அளவு சென்டிமீட்டருக்கு ஆயிரம் டைனுக்கும் மேல். திடப்பொருளுக்கு இழுவிசை உண்டா என்று கேட்ட பிள்ளைக்கு இந்தச் சுருங்கிய கம்பி ஒன்றே போதிய சாட்சி.

ஆனால் சேம்பிலையை உருக்கி எடை தொங்கவிட முடியுமா? பாலித்தீனை? மனிதர் கைபடும் பெரும்பாலான பொருள்களுக்கு இந்த முரட்டு வழிகள் ஆகா. அங்கேதான் ஒரு துளி உதவிக்கு வருகிறது.

1805-இல் லண்டனில் தாமஸ் யங் என்ற மருத்துவர் இந்த விஷயத்தைத் தெளிவாக்கினார். ஆம், மருத்துவர்தாம், இதயமும் நாடிகளும் வேலை செய்யும் விதம் பற்றியும் பின்னர் சொற்பொழிவாற்றியவர். ஒரு துளி ஒரு பரப்பின் மேல் அமர்ந்திருக்கிறது. துளியின் விளிம்பில் மூன்று பேர் கயிறு இழுக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். திடப்பரப்பு தன்னை நீரால் மூடிக்கொள்ள வேண்டித் துளியை வெளிப்புறம் இழுக்கிறது. திடமும் நீரும் சந்திக்கும் இடைப்பரப்பு உட்புறம் இழுக்கிறது. நீரின் சொந்த இழுவிசை துளியின் வளைவு நெடுக, சாய்வாக இழுக்கிறது. மூன்றும் ஒத்துப்போகும் இடத்தில் விளிம்பு நிற்கும். அங்கே துளியின் ஓரம் தரையோடு செய்யும் கோணத்துக்குச் சேர்கோணம் என்று பெயர். யங் இதை ஒரு குறியீடும் இல்லாமல் வசனமாகவே எழுதினார் என்பது வியப்பு. இன்று மாணவர் மனப்பாடம் செய்யும் சமன்பாட்டைப் பிற்காலத்தார் அவ்வசனத்திலிருந்து எடுத்தார்கள்.

கோணம் சிறியதானால் பொருள் நீரை விரும்புகிறது, பெரியதானால் வெறுக்கிறது. கழுவித் துடைத்த கண்ணாடியில் நீர் படர்ந்து கோணம் மிகச் சிறியதாகும். பாலித்தீனில் 90 பாகைக்குச் சற்று மேல். டெஃப்லானில் ஏறத்தாழ 110. வழவழப்பான எந்தப் பரப்பிலும் 120-ஐ அதிகம் தாண்டுவதில்லை. அப்படியாயின் சேம்பிலையிலும் தாமரையிலையிலும் 150-ஐக் கடந்து துளி பந்தாக நிற்பதேன்? அவ்விலைகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுகளும் அவற்றின்மேல் மெழுகும் இருக்கின்றன. துளி மேடுகளின் உச்சிகளில் மட்டும் தங்கி, கீழே காற்றின் மேல் மிதக்கிறது. ஜெர்மானியத் தாவரவியலார் பார்த்லாட் 1997-இல் இதை விளக்கிய பின் உலகமே தாமரையிலையைத் திரும்பிப் பார்த்தது. ‘தாமரை இலைத் தண்ணீர் போல’ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் நாம் மட்டும் திரும்பிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை! ஆகவே பிள்ளை முதலில் கைகாட்டிய சேம்பிலை அளவைக்கு ஏற்ற பொருளன்று. அது காட்டுவது மெழுகின் குணத்தை மட்டுமன்று, மேடுபள்ளத்தின் விளைவையும் சேர்த்துத்தான்.

யங்கின் கணக்கில் ஒரு குறை உண்டு. நீரின் இழுவிசை தெரியும், கோணத்தையும் அளந்துவிடலாம். ஆனால் திடத்தின் இழுவிசை, இடைப்பரப்பின் இழுவிசை என்று அறியாதவை இரண்டு நிற்கின்றன. ஒரு சமன்பாட்டில் இரண்டு அறியாத எண்கள் இருந்தால் விடை வராது என்பது எட்டாம் வகுப்புக் கணக்கு. இதற்கு அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தில் ஜிஸ்மன் என்பாரும் அவர் தோழர்களும் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு வழி கண்டார்கள். ஒரே பரப்பின் மேல் ஒரு திரவத்தையல்ல, இழுவிசை படிப்படியாகக் குறையும் பல திரவங்களைத் துளித்துளியாக இட்டார்கள். டெஃப்லான் மீது 27.6 டைன் இழுவிசையுள்ள ஹெக்ஸாடெக்கேன் துளி 46 பாகையில் நின்றது. 21.8 உள்ள ஆக்டேன் 26 பாகை. 18.4 உள்ள ஹெக்ஸேன் 12 பாகை. கோணங்களின் கோசைன் மதிப்பைத் தாளில் புள்ளியிட்டு நேர்கோடு வரைந்து, கோணம் பூஜ்யமாகும் இடம் வரை நீட்டினால் 18-ஐ ஒட்டி வருகிறது. அதாவது, 18 டைனுக்குக் குறைந்த இழுவிசையுள்ள திரவம் எதுவும் டெஃப்லானில் துளியாக நில்லாது பரவிவிடும். இந்த எல்லை எண்ணை அப்பொருளின் மாறுநிலை இழுவிசை என்றார்கள். பாலித்தீனுக்கு அது 31, பாலிஸ்டைரீனுக்கு 33, பி.வி.சி.க்கு 39. தோசைக்கல்லில் மாவு ஒட்டாத மர்மம் இந்த 18-இல் அடங்கியிருக்கிறது.

1969-இல் ஓவன்ஸ், வெண்ட் என்ற இருவர் இன்னும் சுருக்கினார்கள். நீர் ஒன்று, டை-அயோடோமீத்தேன் ஒன்று என இரண்டே திரவங்களின் கோணங்களைக் கொண்டு இரண்டு சமன்பாடுகள் எழுதிப் பொருளின் இழுவிசையை இரு கூறாகப் பிரித்துக் கணக்கிடும் முறை அது. இன்றும் ஆய்வுக்கூடங்களில் பெருவழக்கு. இருப்பினும் இவையெல்லாம் நேரடி அளவையல்ல, துளியின் வாக்குமூலத்திலிருந்து ஊகிப்பவையே என்பதை மறத்தல் ஆகாது. சாட்சியை மாற்றினால் தீர்ப்பும் சிறிது மாறும். விரல் ரேகையின் எண்ணெய் பட்டால் போதும், கணக்கு பிழைத்துவிடும். ஓடும் துளியின் முன்விளிம்பில் ஒரு கோணம், பின்விளிம்பில் ஒரு கோணம்; மழையில் செல்லும் ரயிலின் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டா.

தொழிற்சாலையிலோ நீண்ட கணக்குக்கெல்லாம் நேரமில்லை. நம் வீட்டு வாசலில் விடியற்காலையில் வந்து விழும் பால் உறையை எடுத்துக்கொள்ளுங்கள். அது பாலித்தீன், இழுவிசை 31. அச்சு மை அதன் மேல் பரவி ஒட்ட வேண்டுமானால் 38-ஐ ஒட்டியாவது இருக்க வேண்டும். ஆகையால் அச்சுக்கு முன் படலத்தின் ஒரு பக்கத்தை உயர் மின்னழுத்தப் பொறிக்கிடையே ஓட்டுகிறார்கள். பரப்பில் ஆக்ஸிஜன் சேர்ந்து இழுவிசை உயர்கிறது. போதிய அளவு உயர்ந்ததா என்று பார்க்க, இழுவிசை குறித்த சோதனைத் திரவங்களைக் கொண்டு ஒரு கோடு இழுக்கிறார்கள். இரண்டு விநாடி கோடு கலையாமல் நின்றால் தேறியது; துளித்துளியாகச் சுருங்கினால் தேறவில்லை. நாளாக ஆக இந்த உயர்வு தேய்ந்துவிடும் என்பதால் படலத்தை நெடுங்காலம் கிடங்கில் போட்டு வைப்பதும் ஆகாது.

இப்போது பால் உறையிலிருந்து பூஜப்புரைக்குப் போவோம். தூரம் அதிகமில்லை, தம்பானூரிலிருந்து ஒரு பஸ் பிரயாணம். அங்கே சாட்டல்மண்ட் அரண்மனையில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இயங்குகிறது. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் கொடையால் எழுந்து, 1980-இல் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம் இது. அதன் முதல் இயக்குநர், 2024-இல் மறைந்த டாக்டர் எம். எஸ். வலியத்தான். அயல்நாட்டு இதய வால்வின் விலை நம் ஏழைகளுக்கு எட்டாதிருந்த நாளில், இங்கேயே ஒன்று செய்வோம் என்று அவரும் பொறியியலாரும் துணிந்தார்கள். முதல் மூன்று மாதிரிகள் தேறவில்லை. செயற்கை நீலமணித் தட்டைக்கூட வைத்துப் பார்த்தார்கள். நான்காவது மாதிரிதான் நிலைத்தது. உறுதியான கோபால்ட் உலோகக் கலவையில் குடைந்த கூடு. அதனுள் சாய்ந்து சாய்ந்து மூடும் ஒரு தட்டு. சுற்றிலும் தைப்பதற்குப் பாலியெஸ்டர்த் துணி வளையம். ஆடுகளில் சோதித்த பின் 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு மனிதர்க்குப் பொருத்தினார்கள். பின்னர் சென்னையின் டி.டி.கே. நிறுவனம் உற்பத்தியை ஏற்றது. ‘சித்ரா வால்வு’ என்று நாடெங்கும் அறியப்பட்டது இதுதான்.

அந்தத் தட்டு எந்தப் பொருளால் ஆனது தெரியுமா? மிக நீண்ட மூலக்கூறுகளைக் கொண்ட பாலித்தீன். பால் உறையின் நெருங்கிய உறவினர்! நிமிஷத்துக்கு 70 துடிப்பு என்று வைத்தால் ஆண்டுக்கு 3 கோடியே 67 லட்சம் தடவை அது திறந்து மூட வேண்டும். தேயாமை அதற்கு முதல் குணம். இரண்டாவது, இரத்தத்தோடு சமாதானமாக இருத்தல். இங்கேதான் நம் துளி திரும்பவும் வருகிறது.

இரத்தம் நம் சொந்தக் குழாய்ச் சுவரைத் தவிர வேறெதைத் தொட்டாலும் ‘காயம்’ என்றே எண்ணும். அந்நியப் பரப்பைத் தொட்ட சில விநாடிகளிலேயே புரதங்கள் அதன்மேல் படிகின்றன. எந்தப் புரதம், எப்படிப் படிகிறது என்பதைப் பொறுத்துத் தட்டணுக்கள் வந்து ஒட்டும். அவற்றின் மேல் உறைவு கட்டும். அமெரிக்காவில் ராபர்ட் பேயர் என்பவர், மாறுநிலை இழுவிசை 20-க்கும் 30-க்கும் இடையே உள்ள பரப்புகளில் உயிர்ப்பொருள்கள் மிகக் குறைவாக ஒட்டுகின்றன என்று கண்டார். அதற்குக் கீழே போனாலும் ஒட்டல் கூடுகிறது. மேலே போனாலும் கூடுகிறது. இந்த எண் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. பரப்பின் வழவழப்பும், மின்னூட்டமும், இரத்தம் பாயும் வேகமும், தேங்கும் மூலைகளும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. இருப்பினும், உடலுக்குள் வைக்கும் எந்தப் பொருளுக்கும் சேர்கோணம் அளப்பது உலகெங்கும் முதற்படிச் சோதனைகளுள் ஒன்றாக இருந்து வருகிறது. உலகில் எவரும் இன்றுவரை இரத்தம் முற்றிலும் ‘தன்னது’ என ஏற்கும் உலோகத்தையோ பிளாஸ்டிக்கையோ செய்துவிடவில்லை.

அக்காளின் சேதி இதுதான். சிறு வயதில் தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் வந்து மூட்டுகள் வீங்கின. வாயு என்று சொல்லித் தைலம் தேய்த்தார்கள். அது வாதக் காய்ச்சல் என்றும், இதய வால்வைக் கெடுத்துவிட்டது என்றும் இரண்டாம் பிரசவத்தில் மூச்சு முட்டிய போதுதான் தெரிந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் உலோக வால்வு பொருத்தினார்கள். எந்த ஊர் வால்வு, எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டா. நாம் சொல்லப் போவது எந்த உலோக வால்வுக்கும் பொருந்தும். உறைவு கட்டாதிருக்க வாழ்நாள் முழுதும் வார்ஃபரின் அல்லது அதன் இன மாத்திரை ஒன்றைத் தினமும் உட்கொள்ள வேண்டும். மாத்திரை வாங்கி ஊருக்கு அனுப்பும் பொறுப்பை நாமே ஏற்றிருந்தோம்.

இரண்டாண்டுக்கு முன் பங்குனியில் ஊர்க் கொடை. நமக்கு இரவு டியூட்டி மாறி மாறி வந்தது. “நாளை அனுப்புகிறேன், அக்கா” என்று மூன்று முறை சொன்னோம். “எனக்கு ஒன்றும் இல்லை தம்பி, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மெதுவாக அனுப்பு” என்றாள் அவளும். ஒன்பது நாள் மாத்திரை இல்லை. பத்தாம் நாள் காலையில் காப்பித் தம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது, பேச்சுக் குழறிற்று. வால்வின் மேல் கட்டிய சிறு உறைவு பிய்ந்து மூளைக்குப் போயிருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி சேர்ந்ததால் பேச்சு மீண்டது, நடையும் மீண்டது. வலக்கையின் இரண்டு விரல்கள் மட்டும் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. பூத்தொடுக்கும் விரல்கள் அவை.

பிழை நம்முடையது. அதனால்தான் இதைப் பிறர்க்கும் எழுதுகிறோம். நம் கவுண்ட்டருக்கு வாரந்தோறும் இதய அறுவைக்காக வரும் குடும்பங்கள் உண்டு. நாகர்கோவில் வண்டியில் வந்து இறங்குபவர்கள் பெரும்பாலும் நம்மவர். அவர்கள் அறிந்துகொள்ள வேண்டியவை சில. இதய அறுவைக்காகப் பிரயாணம் செய்யும் நோயாளிக்கும் துணைக்கு ஒருவர்க்கும் இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் 100-க்கு 75 கட்டணச் சலுகை உண்டு. உரிய படிவத்தில் ஆஸ்பத்திரி மருத்துவரின் சான்று வாங்கி வர வேண்டும். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிட வேண்டும். இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனையைச் சொன்ன தேதியில் செய்துகொள்ள வேண்டும். மருத்துவர் வகுக்கும் எல்லைக்குக் கீழே இறங்கினால் உறைவு, மேலே ஏறினால் இரத்தப் போக்கு. கீரையை விலக்க வேண்டியதில்லை, ஒரு வாரம் குவியலாகவும் மறுவாரம் சுத்தமாக இல்லாமலும் உண்பதுதான் கணக்கைக் கெடுக்கும். பல் பிடுங்கும் முன்னும், வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ உண்ணும் முன்னும் மருத்துவரைக் கேட்க வேண்டும். குழந்தைப் பேற்றை விரும்பும் இளம்பெண்கள் முன்கூட்டியே சொல்லிவிடுதல் மிக அவசியம். சில மாத்திரைகள் கருவைப் பாதிக்கும். பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு தொண்டைப் புண் வந்தால் தைலத்தோடு நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாலிடெக்னிக் பிள்ளை இதற்குள் சும்மா இருக்கவில்லை. கண்மருந்து சொட்டும் குப்பியும் கைபேசிக் காமராவும் கொண்டு நம் வீட்டு மேஜையிலேயே அளக்கத் தொடங்கிவிட்டான். துளி சிறியதாக, மிளகளவே இருக்க வேண்டும். பெரியதானால் தன் கனத்தாலேயே தட்டையாகிவிடும். காமராவைத் துளியின் மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் படம் எடுக்க வேண்டும். படத்தில் துளியின் உயரத்தை இரட்டித்து அடியகலத்தால் வகுத்தால் வருவது பாதிக் கோணத்தின் டேஞ்சண்ட். உயரம் அடியகலத்தில் சரிபாதியானால் கோணம் 90 பாகை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நன்றாகக் கழுவி உலர்த்திய பால் உறையின் உட்புறத்தில் அவனுக்கு 94 கிடைத்தது. அச்சில்லாத வெளிப்புற ஓரத்தில் 72. அலம்பிய கண்ணாடியில் 30-க்குள். அதையே விரலால் தடவிய பின் 50-ஐத் தாண்டிற்று. சேம்பிலையில் துளி நிற்கவே மறுத்து மேஜையிலிருந்து உருண்டு போயிற்று. இரத்தப் பரிசோதனைக்காக அன்று வந்திருந்த அக்காள் அருகே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை சொட்டும் முன் இலையின் ஓரத்தை இடக்கையால் பிடித்துக் கொடுத்தாள்; துளி நின்றது, படம் எடுத்தான்.

அவன் குறித்து வைத்த நோட்டுப் புத்தகம் சங்க நூலகத்தில் இருக்கிறது. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல் வரும் பிள்ளைகள் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். சொட்டுக் குப்பி மட்டும் அவரவர் கொண்டு வர வேண்டும்.